சின்னச் சில்லு வண்டியும் பெரிய புத்திமதியும்

புத்திமதி கூறுவதற்குக் காசு செலவில்லை. அதனாலேயே அதை அளந்து கூறுவோர் அரியர். சில வாரங்களுக்கு முன் நாம் தொலைபேசியில் கூறிய ஒரேயொரு வாக்கியத்தினால் எமது மருமகள் நடுவீதியில் விழுந்தெழ நேர்ந்தது. விழுந்தவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. சொன்ன எமக்கோ தலைகுனிவு. நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுவது எமக்குக் கழுவாயாகவும் வாசகர்களுக்குப் பயனாகவும் அமையும் என்று கருதி இவ்வாரம் இதனை எழுதப் புகுகின்றோம்.

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் வீதியில் திகனையையும் தெல்தெனியாவையும் கடந்து மலையேறினால் ஹுன்னஸ்கிரிய என்னும் சிற்றூர் வரும். மடக்கிய கைம்முட்டிகளைப் போலத் தோன்றுவதால் ஆங்கிலேயர் நக்கிள்ஸ் என்று பெயரிட்ட மலைத்தொடரின் அடிவாரம் அது. அங்குள்ள சந்தியிலிருந்து ஒரு வீதி பிரிந்து லூல்வத்த வழியாகக் கோபெட் கணவாய்க்கும், அதற்கு அப்பால் மீமுரே கிராமத்துக்கும் செல்கிறது. மழையும் பனிமூட்டமும் வளைவுகளும் மலிந்த நாடு. எமது தமக்கையின் மகள் அப்பகுதித் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. நாள்தோறும் எட்டு வயது மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, புத்தகப் பையையும் தொங்கவிட்டுக்கொண்டு, ஹொண்டா சாளி என்னும் சின்னஞ்சிறு மோட்டார் சைக்கிளில் பாடசாலைக்குச் செல்கிறாள். அது அவளுடைய தந்தை ஓட்டிய வண்டி. அவர் மறைந்த பின் வீட்டில் அவர் நினைவாக அசையும் பொருள் அது ஒன்றே.

இந்தச் சாளியின் குலவரலாற்றைச் சிறிது சொல்லுதல் வேண்டும். 1961ஆம் ஆண்டில், டோக்கியோவை அடுத்த தமா டெக் என்னும் விளையாட்டுப் பூங்காவில் சிறுவர்கள் ஏறி ஓட்டி மகிழ்வதற்காக ஹொண்டா நிறுவனத்தார் ஒரு குட்டி வண்டியைச் செய்தனர். பெரியவர்கள் அதன்மேல் குந்தியிருந்த கோலம் குரங்கைப் போன்றிருந்தமையால் அதற்கு மங்கி என்றே பெயராயிற்று. 1967இல் வீதிக்கு வந்த ஆதி மங்கியின் சில்லுகள் ஐந்தே அங்குலம். பின்புறத்தில் அதிர்வுதாங்கி என்பதே கிடையாது. பள்ளத்தில் விழுந்தால் அதிர்ச்சி முழுவதும் முதுகெலும்புக்கே. 1969இல் டாக்ஸ் வந்தது. 1972இல், சேலையோ பாவாடையோ அணிந்தவரும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறத்தக்க தாழ்ந்த நடுவுடலோடு சாளி வந்தது. சில்லு பத்து அங்குலம். கையால் இயக்கும் கிளச் இல்லை. இயந்திரம் 49 கன சென்ரிமீற்றர் அல்லது 72. யப்பானில் கடைத்தெருவுக்குப் போய்வரச் செய்த வண்டி, பழைய வண்டிகளாக இலங்கைக்கு வந்திறங்கி, இங்கே ஆசிரியைகளையும் தாதியரையும் சுமந்தது.

பழசென்று எறிந்துவிடவும் முடியாது. 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடையிலே 2022இல், மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று பெற்றோல் பங்கிடப்பட்ட நாட்களில், மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சாளிகளுக்கெல்லாம் மறுவாழ்வு கிடைத்தது. எம் மருமகளின் வண்டியும் அக்காலத்தில் தூசு தட்டி எடுக்கப்பட்டதேயாம்.

இனிக் கதைக்கு வருவோம். பின்புறத்திலுள்ள இரண்டு அதிர்வுதாங்கிகளும் மூப்படைந்துவிட்டன. கடைக்காரர் ஷொக் அப்சோபர் என்றும், அவசரத்தில் ஷொக் என்றும் சொல்வது இதனைத்தான். ஒன்றில் எண்ணெய் கசிந்தது. பள்ளங்களில் சில்லு மட்காட்டைத் தொட்டு உரசியது. புதியவை வாங்க வேண்டும், எப்படிப் பார்த்து வாங்குவது என்று எம்மைத் தொலைபேசியில் கேட்டாள். நாம் சிறிதும் யோசியாமல், “வாங்குவதே வாங்குகிறாய், நல்ல கனமானதாய், விறைப்பானதாய்ப் பார்த்து வாங்கு, மலைநாட்டு வீதிக்கு அதுதான் தாங்கும்” என்றோம்.

அவள் அவ்வண்ணமே கடைக்குச் சென்று கேட்டாள். கடைக்காரரும் அவள் கேட்டதையே கொடுத்தார். பொன்னிற உருளையும், பக்கத்திலே ஒரு குடுவையும், விரல் தடிப்புள்ள சுருள்வில்லும் கொண்டு பார்ப்பதற்கு நகைக்கடைப் பொருளைப் போன்றிருந்தன. பழையவற்றைக் காட்டிலும் 40 மில்லிமீற்றர் நீளம் அதிகம். “உயர்த்தினால் வண்டி இன்னும் அழகு” என்றாராம்.

அழகாகத்தான் இருந்தது. ஆனால் மருமகளின் கால்கள் நிலத்தை முழுதாக எட்டவில்லை. ஸ்டாண்டில் நிறுத்தினால் பின்சில்லு நிலத்தைத் தொட்டுக்கொண்டு வண்டி ஆடியது. இறக்கத்தில் கைபிடி நடுங்கியது. நான்காம் நாள், மழை விட்ட மாலையில், வளைவொன்றில் தடை பிடித்தபோது பின்சில்லு குதித்து வழுக்கியது. மெதுவாக வந்தபடியால் பெருந்தீங்கில்லை. பையன் புல்லிலே விழுந்து எழுந்தான், புத்தகங்கள்தாம் சேறாயின. அன்றிரவு அவள் எம்மிடம் கோபித்துக்கொள்ளவில்லை. “மாமா, அப்பாவின் வண்டியை விற்றுவிடலாம் என்று பார்க்கிறேன். பிள்ளையை ஏற்றப் பயமாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னாள். கோபித்திருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுஞாயிறு பேருந்தேறி ஹுன்னஸ்கிரிய சென்றோம். சந்திக்குச் சற்றுத் தள்ளி ஒரு தகரக் கொட்டகையில் முதியவர் ஒருவர் மோட்டார் சைக்கிள் திருத்துகிறார். ஊரார் அவரைப் பாஸ் என்றே அழைப்பர். சிங்களவர், தோட்டத்தாரோடு பழகிய தமிழ் அவருக்குச் சரளமாக வரும். பொன்னிற ஷொக்குகளை ஒரு பார்வை பார்த்தார். பின்பு எம்மை ஒரு பார்வை பார்த்தார். “மாத்தயா, இது மூட்டை ஏற்றுகிற ஆளுக்கு. டீச்சருக்கு இல்லை” என்றார். யாருடைய யோசனை என்று அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

அன்று அவரிடம் கற்றதையும், பின்பு நூல்களைப் புரட்டித் தெளிந்ததையும் இங்கே தொகுத்துத் தருகின்றோம்.

முதலாவதாக, அதிர்வுதாங்கியின் வேலை என்ன? இடுப்பு நோகாமல் காப்பதே அதன் வேலை என்று நாம் இதுகாறும் எண்ணியிருந்தோம். அது இரண்டாவது வேலை. சில்லு வீதியை விட்டு நீங்காமல் காப்பதே முதல் வேலை. மேட்டில் சில்லு மேலெழ இடங்கொடுத்து, பள்ளத்தில் அதனைக் கீழே அனுப்பி, எந்நேரமும் ரயரை நிலத்தோடு பொருந்தச் செய்ய வேண்டும். நிலத்தைத் தொடாத சில்லுக்குத் தடையும் இல்லை, பிடிப்பும் இல்லை. இறக்கத்தில் தடை பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்ந்து பின்சில்லு இலகுவாகிவிடுகிறது. அந்நேரத்தில் பின்புறம் விறைத்திருந்தால் சிறு கல்லும் சில்லைத் துள்ள வைக்கும். மருமகளை வீழ்த்தியது இதுவே. தாங்கி என்று பெயரிருப்பினும், எதிர்த்து நிற்பதன்று அதன் தொழில். அளவோடு விட்டுக்கொடுத்து, உடனே அமைதியடைவதே அதன் தொழில்.

இரண்டாவது, நீளம். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சில்லில் பாரமில்லாதபடி வைத்து, மேல் ஆணியின் நடுவிலிருந்து கீழ் ஆணியின் நடுவரை அளக்க வேண்டும். அதுவே ஷொக்கின் நீளம். வில் தளர்ந்த பழைய ஷொக்காயின் கழற்றி, கையால் முழுதாக இழுத்து வைத்து அளப்பது நன்று. புதியது இந்த அளவுக்குச் சமமாக இருத்தல் வேண்டும். நீளம் கூடினால் நேர்வது ஒன்றல்ல, நான்கு. இருக்கை உயர்கிறது, ஸ்டாண்ட் பயனற்றுப் போகிறது, முன்கவர் நிமிர்கிறது, சங்கிலியின் தளர்வு மாறுகிறது.

முன்கவர் நிமிர்வதை வாசகர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சிறு சில்லைப் பாருங்கள். அதன் சுழலும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் சில்லு நிலத்தைத் தொடுவதால் தள்ளிய திசையில் அது தானே நேராகிறது. மோட்டார் சைக்கிளின் முன்கவர் சாய்ந்திருப்பதன் பயனும் இதுவே. பின்புறம் உயர்ந்தால் அச்சாய்வு குறைகிறது; தானே நேராகும் குணமும் குறைகிறது. சில்லு சிறிதாயின் அக்குணம் முன்னமே குறைவாகத்தான் இருக்கும். பெரிய வண்டியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய மாற்றம் சாளியில் கைபிடி நடுக்கமாக வெளிப்படுவது இதனாலேயாம்.

சங்கிலியின் செய்தி இன்னும் நுட்பமானது. பின்சில்லைத் தாங்கும் இரும்புக்கை மேலுங்கீழும் அசைகையில், முன் பற்சில்லுக்கும் பின் அச்சுக்குமுள்ள தூரம் மாறிக்கொண்டேயிருக்கும். பற்சில்லின் நடு, இரும்புக்கையின் மூட்டு, பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும் வேளையிலேதான் சங்கிலி மிக இறுகும். நீண்ட ஷொக்கைப் பூட்டி, கை கீழே தொங்கும் நிலையிலேயே சங்கிலியைச் சரிசெய்திருந்தார்கள். மருமகளும் பையனும் ஏறியமர்ந்ததும் அது வில்லின் நாணைப் போல விறைத்தது. பாஸ் அதை விரலால் சுண்டிக் காட்டினார். தம்புராத் தந்திபோல் ஒலித்தது.

நீளம் குறைந்தாலும் தீங்கே. ரயர் மட்காட்டில் உரசும். வளைவில் சாயும்போது சைலன்சரோ மிதியோ தரையில் தட்டும்.

மூன்றாவது, பொருத்தும் இடம். சில ஷொக்குகளின் கீழ்முனை வளையமாக இருக்கும். சிலவற்றில் கவர்போலப் பிளந்திருக்கும். வளையத்தினுள் இருக்கும் றப்பர் புஷ்ஷின் துளை ஆணிக்குச் சரியாக இருத்தல் வேண்டும். தளர்ந்த துளைக்கு வாசர் வைத்துச் சமாளிப்பது இன்றைக்கு முடியும். மழைக்காலம் முடியும்வரை நிலைக்குமா என்பது வேறு. சுருள்வில்லின் அகலம் சங்கிலிக் கவசத்திலும் சைலன்சரிலும் முட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நான்காவது, வில்லின் வலிமை. 1678இல் ரொபேட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி, வில் அமுங்கும் அளவு அதன்மேல் வைத்த பாரத்துக்குச் சமவிகிதமானது என்று வெளியிட்டார். ஆகவே வில்லைத் தெரிவதற்கு முன் பாரத்தைத் தெரிந்திருக்க வேண்டும். மருமகளின் எடை 52 கிலோ, பையன் 24. இருவரும் சேர்ந்தாலும் ஒரு வாட்டசாட்டமான ஆளுக்கு மேல் இல்லை. மயிலிறகே ஆயினும் மிகுதியாக ஏற்றினால் வண்டி அச்சு முறியும் என்பதை நம் முன்னோர் சொல்லி வைத்தனர். மயிலிறகை ஏற்றுவதற்குக் கருங்கல் வண்டி கட்டக் கூடாது என்பதையும் யாரேனும் எமக்குச் சொல்லி வைத்திருக்கலாம்.

கண்ணால் பார்த்துத் தடிப்பை மதிப்பிடுவதும் ஏமாற்றும். சுருள் அகலமும் சுற்றுகளின் தொகையும் ஒன்றாகவே இருக்க, 6 மில்லிமீற்றர் கம்பிக்குப் பதிலாக 7 மில்லிமீற்றர் கம்பி இருந்தால் விறைப்பு நூற்றுக்கு 85 பங்கு கூடிவிடுகிறது. கம்பித் தடிப்பின் நான்காம் அடுக்காக வலிமை ஏறுவதே காரணம். ஒரு மில்லிமீற்றர் என்று அலட்சியம் செய்தால், ஏறத்தாழ இன்னொரு வில்லையே சேர்த்துக் கட்டியதாக முடியும்.

சரியான வில்லா என்று சோதிக்க ஒரு நாடா போதும். பின் அச்சிலிருந்து நேர்மேலே இருக்கையின் ஓரம்வரை, சில்லு தொங்கும் நிலையில் ஒருமுறை அளக்க வேண்டும். ஓட்டுபவர் அமர்ந்த பின் மீண்டும் அளக்க வேண்டும். இரண்டுக்குமுள்ள வேறுபாடு சில்லின் மொத்த அசைவில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை இருப்பது நன்று. அசைவு 60 மில்லிமீற்றர் என்றால் 15 முதல் 20 வரை. எம் மருமகள் பொன்னிற ஷொக்கின்மேல் அமர்ந்தபோது வண்டி 3 மில்லிமீற்றரே தாழ்ந்தது. “டீச்சர் ஏறியது வண்டிக்குத் தெரியவில்லை” என்றார் பாஸ். ஷொக்கின் அடியிலுள்ள வளையத்தைத் திருப்பினால் வில்லின் விறைப்பு மாறும் என்று பலர் நம்புகின்றனர். மாறாது. வில் தொடக்கத்தில் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதே மாறும். வண்டி சற்று உயரும் அல்லது தாழும். தவறான வில்லை அவ்வளையம் சரியான வில்லாக்காது.

ஐந்தாவது, எண்ணெய். வில் மட்டும் இருந்தால் பள்ளத்தில் வாங்கிய அதிர்ச்சியை அப்படியே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். வண்டி தவளைபோல் தாவும். உருளையின் உள்ளே சிறு துளைகளின் வழியாக எண்ணெய் நெருக்குண்டு செல்கையில் அந்த ஆற்றல் சூடாகக் கரைந்துவிடுகிறது. கடையில் சோதிக்கும் முறை இது: தண்டை நிமிர்த்தி அமுக்கி விடும்போது, ஓசையின்றி, ஒரே நிதானத்தோடு அது திரும்பி வர வேண்டும். இணையின் இரண்டும் ஒரே வேகத்தில் வர வேண்டும். பளபளக்கும் தண்டில் துருப்புள்ளி ஒன்றிருப்பினும் ஒதுக்கிவிட வேண்டும். அப்புள்ளி எண்ணெய் தடுக்கும் றப்பரை அரம்போல் அறுத்துவிடும். பக்கத்தில் தொங்கும் குடுவையைக் கண்டு மயங்க வேண்டாம். உள்ளே உண்மையில் வாயு அடைத்தவையும் உண்டு. வெறும் ஆபரணமாக ஒட்டியவையும் உண்டு.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு, பழைய ஷொக் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, நாமும் மருமகளும் கண்டி நகரில் மற்றொரு கடையின் படியேறினோம். மூன்று இணைகளை எடுத்து வைத்தார்கள். முதலாவது யப்பானிலிருந்து வந்த பழையது. நீளம் அச்சொட்டாகச் சரி. ஆனால் ஒரு தண்டில் துரு. இரண்டாவது புத்தம் புதியது. கீழ்முனை பிளந்த வகை. மூன்றாவது கறுப்பு நிறம், ஓர் அலங்காரமும் இல்லை. நாடாவை வைத்தோம், பழையதன் நீளமே. துளை சரி. வில்லின் கம்பி, எமது பழைய வில்லின் கம்பியளவே. அமுக்கிப் பார்த்தோம், இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல ஒன்றாகத் திரும்பின. விலை, பொன்னிறத்துக்குக் கொடுத்ததில் பாதிக்குக் குறைவு. முதல் கடைக்காரர் பொருத்திய பொருளைத் திரும்ப எடுக்க மறுத்துவிட்டபடியால் அந்தப் பணம் போனது போனதுதான். ஆசிரியையின் சம்பளத்தில் அது சிறு தொகையன்று. புதியவற்றின் விலையை நாமே கொடுத்தோம். அவள் வேண்டாமென்றாள், யோசனை சொன்னவர் வரி கட்ட வேண்டும் என்று சொல்லி வாயடைத்தோம்.

பூட்டும் முறையிலும் பாஸ் ஒரு பாடம் கற்பித்தார். இரண்டையும் ஒருங்கே கழற்றவில்லை. ஒரு பக்கம் கழற்றிப் புதியதைப் பூட்டிய பின்பே மறுபக்கத்தைத் தொட்டார். அதனால் இரும்புக்கை விழாமல் ஆணிகள் நேராகவே நின்றன. ஒன்றுதான் பழுது என்றாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்றார். புதியதும் பழையதும் ஒரு நுகத்தில் பூட்டிய காளையும் கன்றும் போலாகிவிடும். பின்பு இரும்புக்கையின் மூட்டில் ஆட்டமுண்டா என்று அசைத்துப் பார்த்தார். ரயரின் காற்றைச் சரிசெய்தார். இருவரை ஏற்றி அமர்த்தி, சங்கிலி மிக இறுகும் இடத்தில் போதிய தளர்வு இருக்கும்படி அமைத்தார். ஈற்றில் நாடாவை எடுத்தார். மருமகள் தனியே அமர்ந்தபோது தாழ்ந்தது 17 மில்லிமீற்றர். பையனும் ஏறியபோது 25. பாஸ் தலையசைத்தார்.

மருமகள் முதலில் தனியாக லூல்வத்த வீதியில் சிறிது தூரம் சென்று வந்தாள். இரண்டாவது தடவை பையன் கேளாமலே ஏறிக்கொண்டான். போய் வந்ததும், எப்படியிருந்தது என்று அவனைக் கேட்டோம். “தாத்தா ஓட்டுகிற மாதிரி இருந்தது” என்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தலைக்கவசத்தின் வாரை நெடுநேரம் கழற்றிக்கொண்டிருந்தாள். விற்பது பற்றிய பேச்சு பின்பு எழவில்லை.

பொன்னிற ஷொக்குகள் இரண்டும் இப்போது எமது வீட்டில் இருக்கின்றன. புத்தகத் தட்டின் இரு முனைகளிலும் நிறுத்தியுள்ளோம். கனமானவையாதலால் புத்தகங்கள் சாயாமல் நன்றாகத் தாங்குகின்றன. இனி எவரேனும் தொலைபேசியில் யோசனை கேட்டால், அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, “முதலில் அளந்தாயா?” என்று கேட்பதென முடிவு செய்திருக்கின்றோம்.